படப்பு இருந்தும் பட்டினி

வேளாண்மையைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்த விளையாட்டுகளில் பேர்போனது ‘ஃபார்மிங் சிமுலேட்டர்’. சுவிட்சர்லாந்தின் ஜயன்ட்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 2008இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. 2021இல் வந்த ‘ஃபார்மிங் சிமுலேட்டர் 22’ பதிப்பில் மாட்டுக்குத் தீனி வைக்க ஒரு கணக்கு உண்டு. தொட்டியில் வெறும் புல்லைக் கொட்டினால் மாட்டின் உற்பத்தித் திறன் 40 சதவீதத்தோடு நின்றுவிடும். அதே புல்லை அறுத்து, உலர்த்தி, சுருட்டிக் கொண்டுவந்து போட்டால் 80. உலர்புல், ஊறுகாய்ப்புல், வைக்கோல், தாதுஉப்பு ஆகியவற்றை இயந்திரத்தில் கலந்து வைத்தால் முழுதாக 100. கூடுதலாகப் பாடுபட்டவருக்குக் கூடுதல் பலன் என்ற வகையில் விளையாட்டுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உலர்த்துவதால் எந்தப் புல்லிலும் சத்து ஏறுவதில்லை. வெயிலில் இலை உதிர்ந்து, கரோட்டின் அழிந்து, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இதைவிட நம்மூர்க்காரரை உறுத்துவது வேறொன்று. அந்த விளையாட்டில் வைக்கோல் தனித்து ஒரு தீனியே இல்லை. கலவையில் ஒரு பங்காகச் சேரும். மற்றபடி மாடு படுப்பதற்கு விரித்து, பிறகு எருவாக அள்ளும் பொருள். அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடிப் பக்கம் மாசி பிறந்தால் மாட்டின் சாப்பாடே கூளமும் தட்டையும்தான். அங்கே மாடு படுக்கிற பொருளை இங்கே தின்றுதான் பால் கறக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், தீவனப் பற்றாக்குறை என்று நாம் சொல்லிவரும் பிரச்சினைக்கே வேறு முகம் தெரிகிறது. சாதாரண ஆண்டுகளில் இந்தக் கரிசல் காட்டு மாட்டுக்குக் குறைவது தழைச்சத்து. தீனியின் எடை அவ்வளவாகக் குறைவதில்லை.

சேமித்து வைக்க வேண்டும் என்ற பாடத்தை மட்டும் விளையாட்டுகள் சரியாகச் சொல்லித்தருகின்றன. 2016இல் வந்த ‘ஸ்டார்டியூ வேலி’யில் ஒரு சேமிப்புக் குதிர் 240 கட்டு உலர்புல் கொள்ளும். ஒரு கால்நடை நாளுக்கு ஒரு கட்டு தின்னும். குளிர்காலம் 28 நாள். அப்போது வெளியே புல் இருக்காது. ஆக, ஒரு குதிர் எட்டு உருப்படிகளைக் குளிர்காலம் தாண்டவைக்கும். பந்தல்குடிக்குப் புல் இல்லாத காலம் பனியோடு வருவதில்லை, வெயிலோடு வருகிறது. அதுவும் 28 நாளில் முடிவதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊர், மேலே கரிசலும் கீழே சுண்ணாம்புக்கல்லும் கொண்ட பூமி. ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். புரட்டாசி விதைப்பு, தை, மாசி அறுவடை, அதன்பின் வரப்பிலும் கம்மாய்க்கரையிலும் மிஞ்சிய புல். சித்திரைக்குள் அதுவும் காய்ந்துவிடும். அடுத்த மழை வரை படப்புதான் துணை. 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுவதும் 62 சதவீதம் பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் படப்பே எழும்பாது. அங்கே தட்டுப்பாடு எடையில்தான், சந்தேகமில்லை. படப்பு இருக்கும் ஆண்டிலும் கோடையில் மாடு ஏன் எலும்பெடுத்து நிற்கிறது என்பதே விளக்க வேண்டிய கேள்வி.

உண்மையில் வைக்கோலைச் செரிப்பது மாடு இல்லை. செல்லுலோஸை உடைக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதே கிடையாது. அதன் நான்கு அறை இரைப்பையில் முதல் பெரிய அறையான அசையூண் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே ஒரு மில்லிலிட்டர் சாற்றில் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நார்ப்பொருளை உடைப்பவை அவைதாம். உடைக்கும்போது அவை வெளிவிடும் அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள்தான் மாட்டுக்கு எரிபொருள். பிறகு அந்த நுண்ணுயிர்களே அடுத்த அறைகளுக்கு அடித்துச்செல்லப்பட்டு, செரித்து, மாட்டுக்குப் புரதமாகின்றன. எனவே தொட்டியில் தீனி போடுகிறவர் முதலில் ஊட்டுவது இந்தக் கூட்டத்தைத்தான். கூட்டம் பெருக நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, வேண்டும்; அது தீனியின் புரதத்தில் இருக்கிறது. தீனியில் கச்சாப் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் பெருக்கம் தளர்கிறது. உடைபடாத நார் வயிற்றிலேயே தங்குகிறது. வயிறு காலியானால்தானே அடுத்த வாய் எடுக்கும்? எதிரே தட்டை குவிந்து கிடக்க, வயிறு உப்பி நிற்க, மாடு பசியில் மெலிவது இப்படித்தான். தொட்டி காலியா நிறைவா என்று மட்டும் பார்க்கும் விளையாட்டின் அளவுமானியில் இந்தப் பட்டினி தெரியவே தெரியாது.

கணக்குப் போட்டால் இது இன்னும் துலக்கமாகும். 300 கிலோ எடையுள்ள மாடு, தீனி சரியாக இருந்தால், உடல் எடையில் இரண்டரை சதவீதம், அதாவது ஏழரைக் கிலோ உலர்பொருள் தின்ன வேண்டும். சோளத்தட்டையில் புரதம் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நெல் வைக்கோலில் அதற்கும் சற்றுக் குறைவு. சத்தில்லாத தட்டையில் மாடு 5 கிலோவோடு நிறுத்திக்கொண்டால் கிடைப்பது 200 கிராம் புரதம். அதோடு அரைக் கிலோ கடலைப் பிண்ணாக்கு சேர்த்தால், பிண்ணாக்கின் புரதம் 40 சதவீதம் என்ற கணக்கில் இன்னொரு 200 கிராம். ஐந்தரைக் கிலோவில் 400 கிராம் என்றால் 7 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அரைக் கிலோ பிண்ணாக்கின் வேலை அதன் சொந்தச் சத்தோடு முடிவதில்லை. கிடக்கிற தட்டையைத் தின்னவைக்கிற வேலையும் அதனுடையதே. இதனால்தான் கறவை வற்றியதும் பிண்ணாக்கை நிறுத்திவிட்டுத் தட்டையை மட்டும் அள்ளிப்போடுவது சிக்கனம் போலத் தோன்றும் நட்டம். பிண்ணாக்கு விற்கிற விலைக்கு அது எல்லாருக்கும் கட்டுமா என்று கேட்கலாம்; நியாயமான கேள்வி. பயறு வகைக் கூளம் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். நிலக்கடலைக் கொடியில் புரதம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதையும் தட்டையையும் சரிபாதியாகக் கலந்தாலே சராசரி 7 வந்துவிடுகிறது. உளுந்து, பாசிப்பயறு பொட்டும் அவ்வாறே. இவற்றைத் தனியே, மழை படாமல், கோடைக்கென்று ஒதுக்கிவைப்பதுதான் சூட்சுமம். தை மாதம் வரப்பில் பச்சை இருக்கும்போதே கடலைக்கொடியைப் போட்டுத் தீர்த்துவிட்டு, வைகாசிக்கு வெறுந்தட்டையை வைத்துக்கொள்வது வரிசையைத் தலைகீழாக்குவது. தட்டையை முழுசாகப் போட்டால் மாடு தோகையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் போட்டு மிதிக்கும். நறுக்கிக் கலந்தால்தான் கலவை கலவையாக உள்ளே போகும். விளையாட்டின் கலவை இயந்திரத்துக்கு 100 கொடுத்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

கம்பு நேப்பியர் போட்டால் தீர்ந்ததே என்பார்கள். கிணற்றில் நீர் உள்ளவருக்குத் தீர்ந்ததுதான். மானாவாரிக்காரருக்குக் கொழுக்கட்டைப்புல், வேலிமசால், முயல் மசால் போன்ற வறட்சி தாங்கும் வகைகளே பொருந்தும். இன்னொரு மறுப்பு ஆட்டுக்காரரிடமிருந்து வரும்: கன்னி இன வெள்ளாட்டுக்கு யார் கணக்குப் பார்த்தார்கள், அது தானாக மேய்ந்து வரவில்லையா? மேய்ந்து வருகிறது, காரணம் இருக்கிறது. குறுகிய வாய், எதையும் பற்றி இழுக்கும் மேலுதடு, பின்னங்காலில் எம்பி நிற்கும் பழக்கம். இவற்றைக்கொண்டு முள்ளுக்கு நடுவே துளிரை மட்டும் பொறுக்கும். தண்டை விட்டு இலையைத் தின்பது என்றால் புரதத்தைத் தின்பது என்று பொருள். 7 சதவீதக் கணக்கை ஆடு தன் வாயாலேயே போட்டுக்கொள்கிறது. வேம்பூர்ச் செம்மறிக்கு அந்தத் திறமை அவ்வளவு கிடையாது. அது தரையோடு மேய்கிற சாதி. அதனால்தான் கீதாரிகள் கிடையை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த நஞ்சைகளைத் தேடிப் போகிறார்கள். தீனி ஆட்டிடம் வராவிட்டால் ஆடு தீனியிடம் போகிறது. ஆனால் பொறுக்குவதற்கு இடம் வேண்டும். 2011இல் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு என்று அரசு வழங்கத் தொடங்கியது. ஆடு கொடுத்த அளவுக்கு மேய்ச்சல் புறம்போக்கைக் காப்பதில் அக்கறை காட்டப்படவில்லை என்பது என் மதிப்பீடு. 2019 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 98 லட்சத்துக்கும் மேல் வெள்ளாடுகள் இருந்தன.

விளையாட்டு மறைக்கிற இன்னொன்று, தீனியை மாற்றும் வேகம். திரையில் நேற்று புல், இன்று தானியம் என்று மாற்றலாம். மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் தொட்டியே காய்ந்தாலும் ‘ஸ்டார்டியூ வேலி’ மாடு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளுமே தவிரச் சாகாது. நிஜ வயிற்றின் நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீனிக்குப் பழக இரண்டு, மூன்று வாரம் ஆகும். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியில் சோற்றையும் பொங்கலையும் வாளி வாளியாக வைத்தால், மாவுச்சத்தை விரும்பும் பாக்டீரியாக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். வயிறு புளித்து, அசைபோடுவது நின்று, மாடு படுத்துவிடும். கால்நடை மருத்துவர்கள் பொங்கலுக்குப் பொங்கல் எச்சரிக்கிறார்கள். ஆடுகளுக்கு முதல் மழைக்குப்பின் திடீரென்று கிடைக்கும் இளம்புல்லும் இப்படித்தான். குடலில் இருக்கும் ஒரு கிருமி பெருகி நஞ்சு கக்கும். கொழுகொழுவென்று இருக்கும் குட்டிதான் முதலில் துள்ளி விழும். துள்ளுமாரி நோய் என்பது அதுதான். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டால் தப்பிக்கலாம். சோளத்தின் விஷயம் இன்னும் கொடுமையானது. மழையின்றி வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஹைட்ரோசயனிக் அமிலத்தை உண்டாக்கும் பொருள் மிகுந்திருக்கும். விளைச்சல் போனது போகட்டும், மாடாவது தின்னட்டும் என்று பயிரில் அவிழ்த்துவிடத் தோன்றும் நேரமும் அதுவே. பூத்த பிறகு அறுத்த சோளத்தில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

கோடையில் புரதம் வேண்டும் என்றால், அதைச் சும்மா உதிர்க்கிற மரம் ஒன்று இந்தப் பக்கம் காடாகவே நிற்கிறது. சீமைக் கருவேலத்தின் நெற்றில் ஏறக்குறைய 12 சதவீதம் புரதமும் நிறையச் சர்க்கரையும் உண்டு. வெட்டி அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றம் வரை பேசப்பட்ட மரத்தைத் தீவனம் என்று புகழலாமா? ஆடுமாடுகளின் சாணம், புழுக்கை வழியாகத்தானே அது பரவியது? பரவியதற்குக் காரணம் விதையின் கடினமான ஓடு. முழு நெற்றாகத் தின்றால் விதை உடையாமல் வெளியேறி முளைக்கிறது; அதிலுள்ள புரதமும் வீணாகிறது. நெற்றைக் காயவைத்து அரைத்துப் போட்டால் புரதமும் சேரும், விதையும் சாகும். மரத்தை வளர்க்கச் சொல்ல இது வாதமாகாது; ஒழிக்க முடியாமல் நிற்கும் வரை பயன்படுத்தச் சொல்லும் வாதம். அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதும் கூடாது. பிரேசிலில் நெடுங்காலம் இதையே பெருந்தீனியாகத் தின்ற மாடுகளுக்குத் தாடை நரம்பு பழுதாகி, மெல்ல முடியாமல் போயிருக்கிறது.

கடைசி மறுப்பு, வைக்கோலை யூரியாவால் பதப்படுத்தலாம் என்ற யோசனையைப் பற்றியது. உரத்தை மாட்டுக்குப் போடுவதா என்ற அச்சத்தில் பாதி சரி. யூரியாவை நேரடியாகத் தின்ற மாடு சாகும். ஆனால் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தால், யூரியா அம்மோனியாவாக மாறி நாரை இளக்குகிறது. புரத அளவும் 7 சதவீதத்தை எட்டுகிறது. எடுத்து ஆறவிட்டு, அம்மோனியா நெடி போனபின் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது என்பவர்கள் மாசியில், படப்பு போடும்போதே, கம்மாயில் நீர் இருக்கையிலேயே இதைச் செய்துவிடலாம். முதல்முறை செய்கிறவர்கள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ, அருப்புக்கோட்டை கோவிலாங்குளம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுக்கொண்டு, அளவு தப்பாமல் செய்யுங்கள்.