உங்களுக்குத் தெரியுமா? வலிக்கும் முன்பே துப்புக் கொடுக்கும் மூட்டு!

ஹவுகன்ஸ்டுவா வாசகர்களே, ரத்தம் உறையும் கதையில் நம் ஒஸ்லோவுக்குத் தனி இடம் உண்டு! ஜெர்மன் படைகளின் பிடியில் நகரம் இருந்த 1943-இல், ரிக்ஸ்ஹொஸ்பிட்டாலெ மருத்துவர் பௌல் ஓவ்ரன் 29 வயதுப் பெண் ஒருவரின் தீராத ரத்தக்கசிவுக்குக் காரணம் தேடினார். சிக்கியது, அதுவரை எவரும் அறியாத ஐந்தாம் உறைகாரணி!

ரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா நோயும் இப்படி ஒரு உறைகாரணி குறைவதால்தான். எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோபீலியா ஏ. ஒன்பதாம் காரணி குறைந்தால் பி. ஏ வகை, சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு!

இந்த நோயில் மேலே ஒரு கீறல்கூட இருக்காது. ரத்தம் மூட்டுக்குள்ளேயே கசியும். முழங்கால், கணுக்கால், முழங்கை... பெரும்பாலான கசிவுகள் இந்த மூன்றில்தான்!

ஆய்வுக்கூடத்தில் குருத்தெலும்புத் துண்டுகளை ரத்தத்தோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு ரத்தத்தை அகற்றியும் சேதம் ஆறவில்லை. ஆறாத சேதத்துக்குப் போதுமானதாக இருந்தது வெறும் 4 நாள்!

குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. தேய்ந்தாலும் அது வலியைச் சொல்லாது!

2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஹீமோபீலியா உள்ள 65 சிறுவர்களைப் பின்தொடர்ந்தது. கசிவே தெரியாத மூட்டுகளிலும் எம்.ஆர்.ஐ. சேதத்தைக் காட்டியது!

அதே ஆய்வில், முன்கூட்டியே தவறாமல் உறைகாரணி மருந்து பெற்றவர்களில் 93 சதவீதம் பேரின் மூட்டுகள் 6 வயதில் நலம். கசிந்த பிறகு மட்டும் பெற்றவர்களில்? 55 சதவீதம்தான்!

குருத்தெலும்பின் கொலாஜன் சிதைந்தால் அதன் துணுக்கு சிறுநீரில் வந்து சேரும். பெயர் சி.டி.எக்ஸ்-2. ரத்தத்தில் 'காம்ப்' என்ற புரதமும் துப்புத் தரும். சேதத்தைக் காட்டும் இந்தப் பயோமார்க்கர்கள் இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான். ஆனால் நாளை ஒரு குப்பிச் சிறுநீரே மூட்டின் கதையைச் சொல்லலாம்!

இன்றைக்கே கையில் இருப்பது அல்ட்ராசவுண்ட். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. இரு பக்க முழங்கால், கணுக்கால், முழங்கை என 6 மூட்டுகளையும் ஒரே அமர்வில் பார்த்துவிடலாம்!

கசிவதற்கு முன்பே மருந்து என்ற முறையைப் பக்கத்து ஸ்வீடனில் இங்கா மரி நீல்சன் தொடங்கியது 1958-இல்!

நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை சளைத்ததா? கடுமையான ஹீமோபீலியா ஏ உள்ள 5 பேருக்கு அங்கே மரபணு சிகிச்சை. 2024-இல் முடிவு வந்தது. ஐவரையும் கவனித்த காலம் மொத்தம் 81 மாதங்கள். ரத்தக்கசிவு? பூஜ்ஜியம்!

உங்கள் வீட்டில் ஹீமோபீலியா உள்ள பிள்ளை இருக்கிறதா? வீங்கட்டும், வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, 'மூட்டுகளை ஸ்கேன் செய்து பார்த்தீர்களா?' என்று மறக்காமல் கேளுங்கள்!