செவ்வரத்தை வேலியில் வெள்ளைப் பஞ்சு

மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அன்புவழிபுரத்து வளவுகளில் ஒரு தொல்லை தலைகாட்டும். முற்றத்துச் செவ்வரத்தையின் குருத்திலும் மொட்டின் காம்பிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல ஏதோ படர்ந்திருக்கும். இலை சுருளும். மொட்டு விரியாமலே உதிரும். கீழ் இலைகளில் பிசுபிசுப்பும், அதன்மேல் கரி பூசியது போன்ற கறுப்பும் தெரியும். இதுதான் மாவுப்பூச்சியின் வேலை.

“பூச்செடிதானே, போனால் போகட்டும்” என்று நம்மில் சிலர் விட்டுவிடுகின்றோம். அது சரியன்று. பப்பாசி மாவுப்பூச்சி என்னும் இனம் செவ்வரத்தையிலும் தேமாவிலும் பெருகி, பின்வளவுப் பப்பாசிக்கும் மரவள்ளிக்கும் கத்தரிக்கும் பரவும். கையில் காசில்லாத நாளில் அடுப்புக்கு வருவது அந்த மரவள்ளிதான். ஆகவே பூவேலியைக் காப்பது உணவைக் காப்பதுமாகும்.

இப்பூச்சி மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா ஆகிய இடங்களுக்கு உரியது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் கம்பஹா, கொழும்பு மாவட்டங்களிலும், அதே ஆண்டில் தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலும் காணப்பட்டது. மக்கள் நஞ்சு தெளித்தனர். பூச்சியோ திரும்பத் திரும்ப வந்தது. அதன் உடலிலுள்ள மெழுகு மா, தெளிக்கும் மருந்தை உள்ளே விடாது. பஞ்சுப் பைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான முட்டைகளுக்கும் மருந்து எட்டாது.

அதைக் கட்டுப்படுத்தியது கடுகிலும் சிறிய ஒரு குளவியே. அசெரோபேகஸ் பப்பாயே எனப்படும் அக்குளவி 2009 இல் புவேர்ட்டோ றிக்கோவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. 2010 இல் தமிழ்நாட்டிலும் விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று, தோலில் துளையிட்டு வெளியே வரும். மனிதரை அது கொட்டாது. நாம் கடும் நஞ்சைத் தெளித்தால் மெழுகில்லாத இக்குளவியே முதலில் சாகும். காவற்காரனைக் கொன்றுவிட்டுக் கள்ளனைத் தேடுவது போன்றது அது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியவை எவை?

1. வாரம் ஒருமுறை குருத்துகளையும் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சில பூச்சிகளே இருந்தால் ஈரத்துணியால் துடைத்து நசுக்கிவிடலாம்.

2. மிகுதியாகப் பிடித்த கிளையை வெட்டி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். தெருவிலோ அயல் வேலியிலோ எறியாதீர்கள்.

3. மீதிச் செடியில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். பின்னர் ஒரு லீற்றர் தண்ணீரில் சீவிய சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி கரைத்து, வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்து நன்றாகக் கலக்கி, பின்னேரத்தில் பூச்சியின்மேல் படும்படி தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். இலை கருகாவிட்டால் தொடரலாம். புதிய குஞ்சுகள் பொரிக்குமாதலால் வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை செய்ய வேண்டும்.

4. எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, குளவியை அண்ட விடாது. அடித்தண்டில் துணிப்பட்டி சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசுங்கள். சுவரையும் வேலியையும் தொடும் கிளைகளைக் கழியுங்கள்.

5. நண்பர்களைக் கொல்லாதீர்கள். பஞ்சுக்கு நடுவே சற்றுப் பெரிதாக, நீண்ட வெள்ளை மயிருடன் விரைந்து நடப்பது பொறிவண்டின் குஞ்சாக இருக்கலாம். அது மாவுப்பூச்சியைத் தின்னும். குரங்கு முகம் போன்ற கூட்டுப்புழு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்த வண்ணத்துப்பூச்சியின் புழுவும் மாவுப்பூச்சியையே தின்கிறது.

இறுதியாக, இடம்பெயர்ந்த நமக்கென்று ஒரு சொல். நாம் போகுமிடமெல்லாம் செவ்வரத்தைக் கிளையும் மரவள்ளித் தடியும் கூடவே வருகின்றன. 2006 இல் சம்பூரை விட்டு வந்தவர்கள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் திரும்பியபோது, வளவை முதலிலிருந்து நட வேண்டியிருந்தது. இத்தகைய நேரத்தில் உறவினர் அன்போடு தரும் தடியில் இப்பூச்சியும் ஒளிந்து வரும். கொடுப்பவர் சுத்தமான செடியிலிருந்து வெட்டுங்கள். வாங்குபவர் கணுக்களைப் பார்த்து, சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, பின்னர் நடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலை ஒரு புது வளவைக் காக்கும்.

இவ்வளவும் செய்தும் பூச்சி அடங்காவிட்டால், கடையில் நஞ்சு வாங்குமுன், பூச்சி பிடித்த கிளையைப் பையில் கட்டிக்கொண்டு போய் உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். தனி வளவில் அழித்தாலும் அயல் வளவிலிருந்து மீண்டும் வருமாதலால், வேலிக்கு இருபுறமும் உள்ள இரு குடும்பங்களும் ஒரே நாளில் சேர்ந்து கழுவுவதே மேல்.