ஆனந்த் பாண்டியன்

ஆனந்த் பாண்டியன், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் களஆய்வு செய்த பண்பாட்டு மானிடவியலாளர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஒரு மக்கள் கூட்டத்தோடு தங்கிப் பழகி, அவர்களுடைய தொழில், பேச்சு, நம்பிக்கை ஆகியவற்றை அவர்கள் நோக்கிலேயே அறிய முயலும் துறை பண்பாட்டு மானிடவியல் ஆகும்.

களத்தின் பின்னணி

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் அடங்கியது கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் முல்லைப் பெரியாறு அணைநீர் வந்தபின் இங்கு நெல் வேளாண்மை பெருகியது. இங்கு வாழும் சமூகங்களுள் பிறமலைக் கள்ளர் சமூகமும் ஒன்று.

ஆங்கில அரசு 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இச்சமூகத்தின்மீது ஏவியது. கைரேகைப் பதிவும் இரவுக் கண்காணிப்பும் கட்டாயமாயின. கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.

முதன்மை ஆய்வு

பாண்டியனின் 'குரூக்கெட் ஸ்டாக்ஸ்' (வளைந்த தண்டுகள்) என்னும் ஆங்கில நூல் 2009இல் வெளிவந்தது. பிறவியிலேயே குற்றவாளிகள் என முத்திரை குத்திய அரசு, உழவில் ஈடுபடுத்தி அவர்களைத் 'திருத்த'வும் முயன்றது. ஆனால் நல்வாழ்வு பற்றிய சிந்தனை அம்மக்களிடம் முன்பே இருந்தது என்பதை நூல் காட்டுகிறது. நிலத்தைப் பண்படுத்துவதும் மனத்தைப் பண்படுத்துவதும் தமிழில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இந்தத் தொடர்பே நூலின் மையம். கட்டுப்பாடு, உழைப்பு, பரிவு முதலிய பண்புகளை, உழவரின் அன்றாடப் பேச்சோடு தமிழ் இலக்கியத்தையும் வைத்து அவர் ஆராய்கிறார்.

பிற நூல்கள்

தம் தாத்தா எம். பி. மாரியப்பனின் வாழ்க்கையை அவருடன் சேர்ந்து எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து திரும்பி, மதுரையில் பழவணிகம் செய்தவர் மாரியப்பன். தமிழில் 'மிச்சம் மீதி' என்ற பெயரில் காலச்சுவடு பதிப்பகம் இதை வெளியிட்டது. ஆங்கிலப் பதிப்பு 2014இல் வந்தது. தமிழ்த் திரைப்படங்கள் உருவாகும் விதம் பற்றிய 'ரீல் வேர்ல்ட்' 2015இல் வெளியானது.

கவிதையும் மானிடவியலும்

ஸ்டூவர்ட் மெக்லீனுடன் இவர் தொகுத்த 'கிரம்பிள்ட் பேப்பர் போட்' (கசங்கிய காகிதப் படகு, 2017), மானிடவியலைப் புதிய வடிவங்களில் எழுதிப் பார்க்கும் நூல். மானிடவியலாளரும் கவிஞருமான ஏட்ரி குஸ்ஸரோவும் இதில் எழுதியுள்ளார். அமெரிக்க மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட், 'ஆன் சிங்கிள்டன்' என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

களஆய்வுக் குறிப்பேடு நடந்ததைப் பதிவு செய்கிறது. அதை வாழ்ந்தவரின் துயரையும் மானத்தையும் சொல்லக் கவிதைக்கு நெருங்கிய மொழி வேண்டியிருக்கிறது. கைரேகைப் பதிவேட்டில் வெறும் பெயராக இருந்தவர்களின் வழித்தோன்றல்களை, அறம் பற்றிச் சிந்திக்கும் உழவர்களாகக் காட்டியதே கம்பம் ஆய்வின் சிறப்பு.