ஆறு பாட்டில் பீத்தோவன்

போன வாரம் காசிமேடு பக்கம் ஒரு மீன் லோடு வண்டி ரிவர்ஸ் எடுத்தது. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் மட்டும் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் விரல்களைத் தட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன். காரணம், ரிவர்ஸ் ஹாரனில் வந்தது பீத்தோவன் ஸார்!

‘ஃபர் எலிஸ்’ என்று பெயர். அவர் எழுதியது 1810-ல். அச்சில் வந்தது 1867-ல், மனுஷன் செத்து 40 வருஷம் கழித்து! மீன் வண்டிக்கு உதவும் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா?

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ராயபுரத்தில் ஓர் ஆங்கிலோ இந்திய டீச்சர். கடல் காற்றில் கம்பி துருப்பிடித்த பழைய பியானோ. அப்பா சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலிலேயே நிற்பார். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. ஒரு வருஷம் ஓவர்டைம் நின்றது, கிளாஸும் நின்றது. அப்புறம் பி.காம்., டெபிட், கிரெடிட்...

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் விரலை ஓட்டிக் காட்டினேன்.

“சத்தமே வரலையேப்பா!” என்றாள் மகள்.

மானப் பிரச்னை! பியானோ வாங்க வசதியில்லாவிட்டால் என்ன? டிரினிடாட்காரர்கள் காலி எண்ணெய் டிரம்மைத் தட்டித் தட்டியே ‘ஸ்டீல்பேன்’ என்று ஒரு வாத்தியம் பண்ணிவிட்டார்கள். நான் ஆறு கண்ணாடி பாட்டில்களை எடுத்தேன். அந்தப் பாட்டின் முதல் வரிக்கு ஒன்பது தட்டு. ஆனால், சுரம் ஆறே ஆறுதான். நம்ம ஜலதரங்கத்துக்கு ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தண்ணீர் ஊற்ற ஊற்ற, தட்டும்போது சுரம் இறங்கும். கண்ணாடி தண்ணீரையும் சுமந்துகொண்டு அதிர வேண்டியிருக்கிறதே, வேகம் குறைகிறது. அதே பாட்டிலை வாயில் வைத்து ஊதினால் நேர் எதிர்! தண்ணீர் ஏற ஏற உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, சுரம் ஏறும். ஒரே தண்ணீர், ஒரு பக்கம் டெபிட், மறு பக்கம் கிரெடிட்!

“லாரி வந்து மூணு நாளாச்சு. குடிக்கிற தண்ணியில கச்சேரியா?” என்றாள் மனைவி.

செல்போன் பியானோவில் சுரம் பார்த்துச் சரிசெய்து, ஸ்பூனால் தட்டினேன். ஒன்பது தட்டும் கச்சிதம். பத்தாவதில் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

“அப்புறம்?” என்றாள் மகள்.

மறந்துபோச்சு. சுத்தமாக.

ஈஸி சேரில் இருந்த அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே முனகினார். கீழே ஆரம்பித்து மேலே ஏறுகிற நாலு சுரம். அதேதான்!

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“நீ உள்ள ஒரு மணி நேரம் வாசிச்சே. நான் வெளிய ஒரு மணி நேரம் நின்னேன்ல?”

நாலில் ரெண்டு சுரம் கைவசம் இருந்தது. மிச்சத்துக்கு இன்னும் ரெண்டு பாட்டில் வேண்டும், கொஞ்சம் பெரிசாக. நான் கேட்கவில்லை. மனைவியே பாட்டிலைத் தேடி எடுத்துவந்து, குடத்தைச் சாய்த்தாள்.

ராத்திரி தாகத்தில் யாரோ ஒரு சுரத்தைக் குடித்துவிட்டது தனிக் கதை.