பத்துக்குப் பன்னிரண்டு

சின்ன வீட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்று விடுதியில் சொன்னதும் நண்பர்கள் கண்ணடித்துச் சிரித்தார்கள். அந்தச் சின்ன வீடு அன்று, அன்பர்களே! நாளை நகரத்தில் நம்மில் பலர் குடியிருக்கப் போகும் வீட்டையே சொல்கிறேன். அமெரிக்காவில் 400 சதுர அடிக்கு மிகாத வீடுகளுக்கென்றே கட்டட விதித் தொகுப்பின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் தனியாக ஒரு பின்னிணைப்பு சேர்த்தார்கள். நம் நாட்டில் 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம், மிக நலிந்த குடும்பத்தின் வீட்டுக்கு 30 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 323 சதுர அடி, என்று வரம்பு வைத்தது. அங்கே சிலர் விரும்பிச் சுருங்குகிறார்கள். இங்கே பலர் வேறு வழியின்றிச் சுருங்குகிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில். நெடுமங்காடு, விதுரா கடந்து அகத்தியர் மலையின் அடிவாரம் வரை சென்றால் அந்த லயங்களைக் காணலாம். எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு. 120 சதுர அடியில் ஐந்து பேர். ஆகவே சின்ன வீட்டைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அந்த அறையின் குறை அதன் சிறுமை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பௌதிகம் படிக்க வந்த பிறகுதான் வேறு விதமாகத் தோன்றியது. எங்கள் பின்சுவர் அடுத்த வீட்டாருக்கும் பின்சுவர். கதவும் சன்னலும் ஒரே பக்கத்தில். காற்று ஓர் அறைக்குள் வரவேண்டுமானால், அது போவதற்கும் வழி வேண்டும் அன்றோ? போகும் வழி இல்லாத இடத்தில் வரும் வழி இருந்தும் பயனில்லை. அடுப்புப் புகை எங்களோடுதான் உறங்கும். கூரையோ தகரம். மழை இல்லாத இரவிலும் அது சொட்டும். தகரம் தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி விரைவில் குளிர்ந்துவிடுகிறது. எங்கள் மூச்சிலும் உலை நீரிலும் எழுந்த ஆவி அதன் அடியில் பட்டு நீராகிறது. ஆச்சி அதைப் பேயின் வேலை என்பார். போனக்காடு என்றதும் பேய் பங்களாவைப் பற்றி விசாரிக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: நான் கண்ட பேய் இது ஒன்றுதான்.

இனி நகரத்துக்கு வருவோம். 1917இல் பர்மிங்காமில் பிறந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், உலகப் போர்க் காலத்தில் சீனத்தில் தொண்டு செய்துவிட்டுத் திரும்புகையில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தார். அப்போது காந்தியடிகளைக் கண்டார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் வட்டத்துக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்னும் அடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் ஊன்றியது. பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் மறையும் வரை இங்கே செங்கல்லோடு வாழ்ந்தார்.

அவர் கையாண்ட இரண்டு உத்திகளை மட்டும் விளக்குகிறேன். முதலாவது எலிப்பொறிக் கட்டு. நாம் செங்கல்லைப் படுக்க வைத்துச் சுவர் எழுப்புகிறோம். அவர் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார். 9 அங்குலச் சுவருக்குள் பொறி போன்ற சிறு சிறு பொந்துகள் உண்டாகின்றன. ஏறக்குறையக் கால் பங்குச் செங்கல் மிச்சம். பொந்துக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி நம்மைக் காப்பதும் இவ்வாறே.

இரண்டாவது இன்னும் அழகானது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் தாங்காது. கூரைத் தளத்தில் பாரம் ஏறும்போது மேற்பகுதி நசுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. இழுவையை ஏற்பது உள்ளேயிருக்கும் கம்பி. அப்படியானால் கீழே, கம்பிகளுக்கு இடையில் உள்ள கான்கிரீட் என்ன செய்கிறது? பெரும்பாலும் சும்மா கிடக்கிறது! அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்தார் பேக்கர். தளத்தின் பாரமும் குறைந்தது, சிமெண்டும் குறைந்தது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருளிலிருந்து மட்டுமன்று, கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிவருகிறது என்பதை நினைத்தால், ஓர் ஓட்டின் மதிப்பு விளங்கும்.

நம்பாதவர்கள் உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போய் ஜாலிச் சுவர்களின் ஓரம் நின்று பாருங்கள். அவ்வளவு தூரம் ஏன்? தம்பானூரில் நாம் பீட்ரூட் மசாலா தோசை தின்னும் இந்தியன் காபி ஹவுஸ் அவர் படைப்புத்தானே! குறுகிய மனையில் படிக்கட்டுக்கென இடம் ஒதுக்காமல், சரிவான தரையையே சுருளாக மேலேற்றினார். மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. சிறிய வீடு கட்டுவோர் ஒரு காப்பிக்கு ஆகும் காசில் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

பேக்கரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. எலிப்பொறிச் சுவரில் குழாய் பதிக்கப் பிறகு உடைத்தால் தொல்லை. பழகிய கொத்தனாரும் வேண்டும். கடற்காற்று வீசும் நகருக்கு ஏற்ற ஜாலிச் சுவரைப் போனக்காட்டில் வைத்தால் மூடுபனி படுக்கைக்கே வந்துவிடும். அங்கே வேண்டியது உலர்ந்த கூரையும் புகைபோக்கியும். ஊருக்கு ஊர் வீடு மாறவேண்டும் என்பதுதானே அந்த ஐந்து மைல் கணக்கின் பொருள்!

ஆயினும் எந்தச் சூத்திரத்திலும் அடங்காத ஒன்று உண்டு. ஆச்சி இறந்த அன்று உடலைக் கிடத்த அந்த அறையில் இடம் போதவில்லை. லயத்தின் நீண்ட வராந்தாவில் கிடத்தினோம். சாரல் அடித்தது. அடுத்த வீட்டார் தங்கள் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து மறைப்பாகச் சாத்தினார்கள். வரிசையிலிருந்த அத்தனை குடும்பங்களும் அந்த வராந்தாவிலேயே விடியும் வரை உட்கார்ந்திருந்தன. அந்த லயத்தைக் கட்டியவன் எங்களுக்குக் காற்றைத் தரவில்லை. ஆனால் தெரிந்தோ தெரியாமலோ வராந்தாவைத் தந்திருந்தான். இன்று நகரத்துச் சிறு வீடுகளின் வரைபடங்களைப் பார்க்கிறேன். மடக்குக் கட்டில் இருக்கிறது; கட்டிலுக்கடியில் இழுப்பறை இருக்கிறது. கதவைத் திறந்தால் இருவர் ஒதுங்க முடியாத நடை. அங்கே ஒரு சாவோ ஒரு வளைகாப்போ நேர்ந்தால் எங்கே போவார்கள்?

நானும் ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தேன். 323 சதுர அடியில் 40 அடியை உள்ளிருந்து வெட்டி, வாசலுக்கு வெளியே திண்ணையாக்கினேன். நான்கு வீட்டுத் திண்ணைகள் ஒன்றையொன்று தொடும்படி வைத்தால் 160 சதுர அடி. எங்கள் லயத்து அறையைவிடப் பெரிது. விடுமுறையில் போனபோது அம்மாவிடம் காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“திண்ணை இருக்கட்டும், அடுப்பு எங்கடா? புகை எந்தப் பக்கம் போகும்?” என்றார்.

அடுப்பை இடம் மாற்றி மறுபடியும் வரைந்துகொண்டிருக்கிறேன்.