பிடி அரிசியால் நடந்த பணி



அண்மையில் எங்கள் தோட்டத்திற்கு, ஆப்பிரிக்காவில் நடைபெறும் கிறிஸ்தவத் திருப்பணிக்கு நன்கொடை திரட்டச் சிலர் வந்திருந்தனர். மறுநாள் என் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், மாசக் கடைசியில எங்களுக்கே கடைக் கணக்கு நிக்குது. நாங்க குடுக்கிற ரெண்டு வெள்ளி அவ்வளவு தூரத்துல எதுக்கு ஆகும்? அங்க என்ன நடக்குதுன்னு போய்ப் பார்க்கவா முடியும்?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை தேட நாம் ஆப்பிரிக்காவிற்குப் போகுமுன், நம் முன்னோர்கள் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிற்கே போய்ப் பார்ப்போம்.

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் வே. ச. அசரியா. கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சென்று பணியாற்றியவர். 1902ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில், கடல் கடந்து தமிழ்நாட்டின் தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பி வருவதை நேரில் கண்டார். "சின்னஞ்சிறு யாழ்ப்பாணத்தால் முடிகிறதென்றால், நம்மால் ஏன் முடியாது?" என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேர்விட்டது. ஒரு பயணம், ஒரு நேரடிக் காட்சி ஆகிய இவைதாம் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12ஆம் நாள், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆட்களும் இந்தியரே, பணமும் இந்தியருடையதே, நிர்வாகமும் இந்தியருடையதே என்பது அதன் கொள்கை. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், தங்களில் ஏழைகளின் காணிக்கையை நம்பியே அவர்கள் இறங்கினார்கள். தேர்ந்தெடுத்த இடம், அன்றைய ஐதராபாத் நிஜாம் அரசிலிருந்த தோர்ணக்கல். இன்று அது தெலங்கானா மாநிலத்தில் உள்ளது. அங்கே பேசும் மொழி தெலுங்கு. போனவர்கள் முதலில் மாணவர்களாகி அம்மொழியைக் கற்க வேண்டியிருந்தது.

பணம் எங்கிருந்து வந்தது? தென்னிந்தியத் திருச்சபைகளில் பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. தாய்மார்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவார்கள். வாரக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். விற்றுவரும் காசு பொதுப்பணிக்குப் போகும். வடகிழக்கு இந்தியாவில் மிசோ மக்களும் 1910 முதல் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டு வருகின்றனர். இந்து சமயத்தவரிடையேயும் ஆலய வழிபாட்டிற்குப் பிடி அரிசி சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. அள்ளிக் கொடுக்க இயலாதவன் கிள்ளியாவது கொடுக்க வகை செய்யும் ஏற்பாடு இது.

நம் கெடா மாநிலத்திலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்திருக்கிறது. 1960ஆம் ஆண்டு துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய தொழிலாளர்கள் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்திப் பங்கு சேர்த்தனர். அப்படிச் சேர்ந்த பணத்தில் அச்சங்கம் முதன்முதலாக வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். சிறு துளி பெருவெள்ளம் என்பதை ஏட்டில் மட்டுமா படித்தோம்? கண்ணாலும் கண்டிருக்கிறோம்.

ஆனால் பணம் அனுப்புவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அசரியா தோர்ணக்கல்லுக்குச் சென்று பார்த்தார். அங்கிருந்த தேவையைக் கண்டபின், பிறரைப் போகச் சொல்லும் தாமே போகாமல் இருப்பது சரியல்ல என்று உணர்ந்தார். 1909ஆம் ஆண்டு குடும்பத்தோடு அங்கே குடியேறினார். 1912ஆம் ஆண்டு இறுதியில் அவர் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. 1945ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மறையும்வரை அம்மக்களிடையே வாழ்ந்தார்.

இடையில், 1910ஆம் ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மாநாட்டில் அவர் துணிவுடன் ஒன்றை எடுத்துரைத்தார். வெளிநாட்டு ஊழியர்களின் தியாகத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்ட அவர், உள்ளூர் மக்களோடு அவர்கள் சமமான நட்புக் கொள்ளவில்லையே என்று சுட்டிக்காட்டினார். கொடுப்பவன் மேலே, பெறுபவன் கீழே என்ற நிலை கூடாது என்பதே அதன் பொருள்.

இப்போது ஆப்பிரிக்காவிற்கு வருவோம். அங்கே இதே குறை வேறு உருவில் நேர்ந்தது. சாமுவேல் அஜாயி குரௌதர் என்பவர் சிறுவனாக அடிமையாய் விற்கப்பட்டு, 1822இல் விடுவிக்கப்பட்டவர். 1864ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயராக உயர்ந்து, நைஜர் ஆற்றுப் பகுதியில் பணி செய்தார். முதுமையில் அவருடைய அதிகாரம் குறைக்கப்பட்டது. 1891இல் அவர் மறைந்தபின் அவ்விடத்திற்கு ஓர் ஐரோப்பியரே நியமிக்கப்பட்டார். பணம் வரும் திசையிலிருந்தே அதிகாரமும் வந்தால், உழைத்த மண்ணின் மைந்தர்கள் ஒதுக்கப்படுவார்கள் என்பதற்கு இது சான்று.

ஆகவே, தொலைவிலுள்ள பணிக்கு உதவ விரும்பும் குடும்பங்கள் நான்கு செய்திகளை மனத்தில் கொள்ளுதல் நலம். முதலாவது, வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் முந்தியவை. கடன் வாங்கித் தருமம் செய்யத் தேவையில்லை. இரண்டாவது, கொடுத்தால் ரசீதும் கணக்கும் கேளுங்கள். அது அவமரியாதை ஆகாது. மூன்றாவது, அங்கே பொறுப்பில் இருப்பவர்கள் உள்ளூர்க்காரர்களா என்று விசாரியுங்கள். நான்காவது, போய்ப் பார்க்கிறவர்கள் வேடிக்கை பார்க்கப் போகாமல் கேட்டறியப் போகட்டும். திரும்பி வந்ததும், காசு கொடுத்த ஏழைகளின் முன் நின்று கண்டதைச் சொல்லட்டும். நாம் எல்லாரும் போக முடியாது. போனவர் வந்து சொன்னால், நாமும் போனது போலத்தான்.

இவற்றையெல்லாம் அந்தத் தாயாரிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். "அப்படின்னா கடைக் கணக்கை முடிச்சிட்டு ரெண்டு வெள்ளி குடுக்கிறேன் சார். ஆனா அடுத்த வருசம் வந்து, அங்க என்ன ஆச்சுன்னு எங்களுக்குச் சொல்லணும்னு அவங்ககிட்ட கேட்டுடுவேன்" என்றார்.

கேட்க வேண்டியதும் அதுதான்.