ரிச்சி ஸ்ட்ரீட்டில் நீல எல்.இ.டி வாங்கலாம்... அதன் கீழே பவளம் வளர்க்கலாமா?

வாசலில் கடலை வைத்துக்கொண்டு, உப்பைப் பை பையாகக் காசு கொடுத்து வாங்கி வாளித் தண்ணீரில் கரைப்பார்களா யாராவது? வடசென்னையில் கடல்நீர் மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டால் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

காசிமேடு துறைமுகத்துத் தண்ணீரில் படகு டீசல் மிதக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே 2 கப்பல்கள் மோதிக்கொண்டதில் கொட்டிய எண்ணெயை ராயபுரம், திருவொற்றியூர்க் கரையில் ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படகு, வலை, சதுப்புநிலம் என எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. அந்தத் தண்ணீரை மொண்டு வந்து தொட்டியில் ஊற்ற யாருக்கும் மனசு வராது. அதனால்தான் செயற்கைக் கடல் உப்பு, ஆர்.ஓ தண்ணீர், உப்பின் அளவு பார்க்க ஒரு கருவி.

இந்தச் செலவெல்லாம் ஒரு பக்கம். பவளத் தொட்டி என்று இறங்கினால் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, மேலே தொங்கும் விளக்குதான். வெளிநாட்டு பிராண்ட் விளக்குகள் பல்லாயிரம் ரூபாய். அதே வேலையைச் செய்யும் விளக்கைச் சில ஆயிரத்தில் நாமே செய்துவிடலாம். திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். தேவையான முக்கால்வாசி அங்கே கிடைக்கும். மீதி, வீட்டுப் பக்கத்துக் காயலான் கடையில்!

ஏன் நீலம்?

பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது ஓர் உயிரினம். பாலிப் எனப்படும் குட்டி உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பில் வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஒவ்வொரு பாலிப்பின் திசுவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்கு ஊட்டுவது இந்தப் பாசிகள்தான். வீட்டுக்கு வாடகை சாப்பாடாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி குறைந்தால் பாசி பட்டினி, பாசி பட்டினி என்றால் பவளமும் பட்டினி.

சூரிய ஒளி கடலுக்குள் இறங்கும்போது சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே காணாமல் போய்விடும். தெளிந்த கடலில் ஆழம் வரை போவது நீலம். பல கோடி ஆண்டுகளாக அந்த நீலத்தில் பழகிய பாசிக்கு, சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிதான் முக்கிய உணவு. கடைக்காரர்கள் அதை 'ராயல் ப்ளூ' என்பார்கள்.

முன்பெல்லாம் இதற்கு 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு போட்டார்கள். வெளிச்சத்தோடு சேர்த்து சூட்டையும் தொட்டிக்குள் இறக்கும் விளக்கு அது. சென்னை மே மாதத்தில் அதை எரியவிட்டால் தண்ணீரைக் குளிர்விக்கத் தனியாக ஒரு சில்லர் வாங்க வேண்டும். 1993-ல் ஜப்பானில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி-யை உருவாக்கிக் காட்டினார். அதற்கு அடித்தளம் போட்ட இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ இருவருடன் சேர்த்து அவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு. நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி பல்புக்குள் இருப்பதும் அந்த நீலம்தான், மேலே மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையாக்குகிறார்கள். பூச்சு இல்லாத நீலம், பவளத் தொட்டிக்குப் போகிறது.

வீட்டிலேயே செய்வது எப்படி?

2 அடி நீளம், 1 அடி அகலத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். 3 வாட் எல்.இ.டி 24 போதும். 12 ராயல் ப்ளூவை ஒரு வரிசையாகவும், வெள்ளையும் நீலமும் கலந்த 12-ஐ இன்னொரு வரிசையாகவும் இணைத்தால் இரண்டையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். ஒரு எல்.இ.டி சுமார் 3.2 வோல்ட் எடுக்கும். 12 சேர்ந்தால் 38 வோல்ட். 700 மில்லி ஆம்பியர் ஓட்டினால் வரிசைக்கு 27 வாட் வருகிறது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் அடாப்டரை மாட்டிவிடலாம் என்று நினைப்பார்கள். எல்.இ.டி சூடாக ஆக, அதிக மின்னோட்டத்தை இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் சூடாகும். கடைசியில் புகைதான். அதனால் 'கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர்' என்று கேட்டு வாங்க வேண்டும். அதிலும் 'ஐசோலேட்டட்' வகைதானா என்று கேளுங்கள். விலை குறைவான சில டிரைவர்களில் 230 வோல்ட் லைனுக்கும் எல்.இ.டி ஒயருக்கும் நடுவே தடுப்பே இருக்காது. உப்புத் தண்ணீருக்கு மேல் அதைத் தொங்கவிடுவது தற்கொலைக்குச் சமம்.

எல்.இ.டி-யின் வெளிச்சம் முன்னால் போகும், சூடு பின்னால் போகும். அதை இழுத்துக்கொள்ளக் கனமான அலுமினிய ஹீட் சிங்க் தேவை. பழைய ஆம்ப்ளிஃபையர், யு.பி.எஸ் உடைக்கும் காயலான் கடைகளில் எடைக்கு எடை கிடைக்கும். சொரசொரப்பைத் தேய்த்து, தெர்மல் பேஸ்ட் தடவி, ஒவ்வொரு எல்.இ.டி-யையும் திருகில் இறுக்கி, ஒயரைச் சால்டரிங் செய்ய வேண்டும். பவர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை. மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைச் சால்டர் புள்ளியிலும் மறுமுனையை ஹீட் சிங்கிலும் வைத்துப் பாருங்கள். 'பீப்' சத்தம் வந்தால் எங்கோ ஷார்ட். 24 புள்ளிகளையும் பார்க்கப் பொறுமை வேண்டும்தான். பார்க்காமல் விட்டால் மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட்!

அரை மணி நேரம் எரிந்த பிறகு ஹீட் சிங்க் மேல் கை வையுங்கள். கையை எடுக்காமல் இருக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் 12 வோல்ட் ஃபேன் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

ராயபுரம் பக்கம் பித்தளைத் தாழ்ப்பாளே பச்சை பிடிக்கும். கடல் காற்றும் தொட்டியிலிருந்து தெறிக்கும் உப்பும் சேர்ந்தால் சால்டர் புள்ளிகள் சில மாதங்களில் அரிக்க ஆரம்பிக்கும். கீழே ஓர் அக்ரிலிக் தகடு மாட்டி மூடிவிட வேண்டும். டிரைவரைத் தொட்டிக்கு மேலே வைக்காமல், பக்கச் சுவரில் உயரமாக மாட்டுங்கள். பிளக்குக்குப் போகும் ஒயர் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டி இருக்கும் அறையின் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இல்லையென்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் போட்டுவிட்டுப் பிறகு எல்.இ.டி வாங்கப் போங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் விளக்கை நேராக உற்றுப் பார்க்கவிடாதீர்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் அந்த நீலத்தின் வீரியம் அதிகம்.

இந்த மங்கல்தான் போனில் இருக்கும் லக்ஸ் மீட்டர் ஆப்பையும் ஏமாற்றுகிறது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு, பச்சைக்கு அதிக மார்க் போடும், நீலத்துக்குக் குறைவாகப் போடும். பாசி பார்க்கும் வெளிச்சத்தை அளப்பது 'பார்' மீட்டர். விலை அதிகம் என்பதால் இதை இரவல் வாங்கித்தான் பலர் அளக்கிறார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் 20, 30 சதவிகித வெளிச்சத்தில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுவது நல்லது. ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும்.

புலிக்கு உள்ள சட்டம் பவளத்துக்கும்

சும்மா சொல்லக் கூடாது, விளக்கு தயாராகி, ஹால் லைட்டை அணைத்துவிட்டு அந்த நீலத்தைப் பார்ப்பது தனி சுகம். அடுத்து என்ன? கீழே வைக்கப் பவளம். ஆன்லைனில் தேடினால் வெளிநாட்டு வீடியோக்கள் வந்து குவியும். அமெரிக்காவில் ஒருவர் பவளத்தைத் துண்டு போட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பார். அதைப் பார்த்துவிட்டு இங்கே வாங்கக் கிளம்பினால் சிக்கல்.

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் 2001-ல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. பாறை கட்டும் கல்பவளங்கள் அத்தனையும், கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி என எல்லாம் அதில் உண்டு. கடல் குதிரையும் அதில் இருக்கிறது. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். உயிருள்ள பவளத்துக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சுற்றுலா போன இடத்தில் வாங்கி ஷோகேஸில் வைக்கும் வெள்ளைப் பவளத்துண்டுக்கும் இதே சட்டம்தான். விற்பவர் 'இது இம்போர்ட்டட்' என்று சொல்வதை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு கடுமை ஏன் என்பதற்குப் பதில் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளத் திட்டுகள். 1986-ல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்பும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் பவளத்தை வெட்டி வெட்டிப் படகில் ஏற்றினார்கள். அலையைத் தடுக்கும் திட்டு போனதும் தீவு கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என 2 தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன.

வெட்டுவது நின்ற பிறகும் சூடு விடவில்லை. தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடிக்கும் கோடைகளில் பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப் போகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இந்த வெளிறலைப் பெரிய அளவில் சந்தித்தது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் அங்கே பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு மீட்டெடுக்கும் வேலையைச் செய்து வருகிறது. கடலில் அரசு அனுமதியோடு ஒவ்வொரு துண்டாக நடுவதை, இன்னொரு பக்கம் யாரோ உடைத்துத் தொட்டிக்கு விற்றால் எப்படி?

அப்போ அந்த விளக்கு?

வீணாகாது. 'நீமோ' என்று குழந்தைகள் கொண்டாடும் கோமாளி மீனைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. மண்டபத்தில் அதன் மையம் இருக்கிறது. கடலில் பிடிக்காமல், பொரிப்பகத்தில் பிறந்த ஜோடி ஒன்றைக் கேட்டு வாங்கினால் மனசும் லேசு, மீனும் தொட்டிச் சாப்பாட்டுக்குப் பழகியிருக்கும். கடலில் அது கடல் சாமந்திக்குள் ஒளிந்து வாழும், ஆனால் தொட்டியில் சாமந்தி இல்லாமலும் நன்றாகவே வாழும். பாறைக்குப் பதில் செராமிக் கல் வைக்கலாம். கல்லில் நல்ல பாக்டீரியா குடியேற சில வாரம் ஆகும், அதற்குள் அவசரப்பட்டு மீனை விடக் கூடாது.

ஒளி வேண்டிய இன்னொன்று கடற்பாசி. கடல் திராட்சை எனப்படும் காலெர்பா, இந்த விளக்கின் கீழே கொத்துக் கொத்தாகப் படரும். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட், பாஸ்பேட்டை உறிஞ்சித் தண்ணீரையும் சுத்தமாக வைக்கும். ஆனால் அதற்கு நீலம் மட்டும் போதாது. அதனால் நீல வரிசையைக் குறைத்து வெள்ளை வரிசையைக் கூட்டி வையுங்கள். இரண்டு வரிசைக்கும் தனித்தனி டிரைவர் போட்டது இதற்குத்தான். மாலையில் வெள்ளை முதலில் அணைந்து, நீலம் மட்டும் ஒரு மணி நேரம் எரியும்படி டைமரை வைத்தால், மீன்கள் மெல்ல ஒதுங்கித் தூங்கப் போவதை நீங்களே பார்க்கலாம்.

வேறு எந்த உயிரினத்தை வாங்குவதாக இருந்தாலும், கடைக்காரரிடம் அது எங்கே பொரித்தது என்று கேளுங்கள். ரசீதில் அந்த உயிரினத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காமல் திரும்பிவிடலாம். சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு வாங்குங்கள்.